அந்தத் தெருவில் மேடு இல்லை

(திருவண்ணாமலையில் நடந்த ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தோழர், "உங்க ஆய்வைப் பத்திப் பேசுங்க" என்றுதான் கேட்டார். ஆய்வில் சேர்ந்து இது ஐந்தாவது வருடம். என் நெறியாளரிடமே அதைப் பற்றிப் பேசப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஆய்வை விட்டுவிட்டு, ஆய்வுக்காக நான் ஓட்டும் வண்டியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் ஆய்வு செய்வது பொதுப்பாதை உரிமை. குறிப்பாகச் சுடுகாட்டுக்குப் போகிற பாதை. பிணத்தை எந்தத் தெரு வழியாகத் தூக்கிப் போகலாம், எந்தத் தெரு வழியாகத் தூக்கிப் போகக் கூடாது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்கிற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் சுற்றுகிறேன். பல ஊர்களுக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. ஆக, வண்டிதான்.

என் வண்டி பழைய ஸ்பிளெண்டர், இரண்டாவது கையாக வாங்கியது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சித்திரை, வைகாசியில் நம் மலை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி எட்டு மணிக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மத்தியானம் டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தால் சீட்டில் துண்டு போடாமல் உட்கார முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பிளக்கில் தண்ணீர் ஏறி வண்டி நடுவழியில் நின்றுவிடும். கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். மார்கழியில் ஜமுனாமரத்தூர் ஏறும்போது பனியில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குதான் எனக்கு ரோடு. இப்படி வருடம் பூராவும் ஓட்டுகிறேன். எனக்கு இதில் வீரம் ஒன்றும் கிடையாது. என்னிடம் வேறு வண்டி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதை வீரம் என்று நினைத்த சிலரை ஒரு நாள் சந்தித்தேன்.

2022 கார்த்திகை மாதம். செங்கம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். நல்ல மழை. நான் ஓரமாக உட்கார்ந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து பேர் பெரிய வண்டிகளில் மழைக்கு ஒதுங்கினார்கள். புல்லட், ஹிமாலயன், டியூக். அவர்களில் மூத்தவர் ஒரு பல் மருத்துவர். "இந்த மழையில எங்க சார் போறீங்க?" என்றார். வேட்டவலம் தாண்டிப் போகிறேன் என்றேன். "ஸ்பிளெண்டர்லயா? செம்ம ரைடர் சார் நீங்க" என்றார். நண்பர்களிடம், "பாருங்கய்யா, நாமெல்லாம் தூறல் போட்டாலே ரைடை கேன்சல் பண்றோம்" என்றார்.

அப்படித்தான் அவர்களோடு சேர்ந்தேன். பதினைந்து பேர் இருப்பார்கள். வங்கியில் வேலை செய்பவர், இரண்டு ஆசிரியர்கள், செல்போன் கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி சாத்தனூர் அணைக்கோ செஞ்சிக்கோ போய், இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புவார்கள். நல்ல மனிதர்கள். இதை அவர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. வழியில் என் செயின் அறுந்தபோது இரண்டு மணி நேரம் என்னோடு வெயிலில் நின்றவர்கள் அவர்கள். எனக்கும் 'ரைடர்' என்கிற அந்தப் பட்டம் இனித்தது. சின்ன வயதிலிருந்து எனக்குக் கிடைத்த பட்டங்கள் வேறு. இது நான் செய்கிற ஒன்றுக்காகக் கிடைத்த பட்டம். அதனால் அவர்கள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதை எல்லாம் நான் திருத்தவில்லை.

ஆசைக்காகத்தான் வருடம் பூராவும் ஓட்டுகிறேன் என்று நினைத்தார்கள். பி.எச்டி. படிக்கிறேன், மெதுவாகப் பேசுகிறேன், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறேன். அதனால் நான் 'நம்மாள்தான்' என்றும் நினைத்துக்கொண்டார்கள். "எந்த ஊரு?" என்று கேட்டபோது ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஊரிலா, காலனியிலா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கு ஒரு கூலி கொடுக்க வேண்டும். காதால் கொடுக்க வேண்டும். டீ குடிக்கும்போது காலனிப் பையன்கள் பற்றிப் பேச்சு வரும். "கடனை வாங்கி வண்டி வாங்கறானுங்க, சைலன்சரைக் கழட்டிட்டு ஊருக்குள்ள சத்தம் போடறானுங்க" என்பார் ஒருவர். சொல்கிறவர் வண்டியிலும் சைலன்சர் மாற்றப்பட்டதுதான். அந்தச் சத்தத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பீட்'. கண்ணை மூடிக் கேட்டு ரசிப்பார்கள். அதே சத்தம் காலனிப் பையன் வண்டியிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் திமிர்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார்கள்: "ரோட்டுக்கு சாதி கிடையாது சார். ஹெல்மெட்டைப் போட்டா எல்லாரும் ஒண்ணுதான்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் ஹெல்மெட் விஷயத்தில் அவர்கள் சொல்வது பாதி உண்மை. போலீஸ் தலையைக் காப்பாற்ற ஹெல்மெட் போடச் சொல்கிறது. நான் சில ஊர்களுக்குள் நுழையும்போது முகத்தைக் காப்பாற்றப் போட்டுக்கொள்கிறேன். அதுவும் வெளியூரில்தான் செல்லும். என் சொந்த ஊரில் ஹெல்மெட்டோடு ஊர்த்தெருவில் நுழைந்தால், "யாருடா அது மூஞ்ச மூடிக்கினு போறது?" என்று நிறுத்துவார்கள். கழற்றினால் யார் மகன் என்று தெரிந்துவிடும்.

2023 ஆடி மாதம் ஜவ்வாது மலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு கிராமத்துக்குள் புகுந்து போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று போன் காட்டியது. அந்த ஊர் எனக்குத் தெரியும். ஆய்வுக்காக அந்தக் காலனிக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். ஊர்த்தெரு வழியாகப் போனதில்லை, ஏரிக்கரை வழியாகத்தான் போவேன். அன்றைக்கு அங்கே திருவிழா வேறு. "போளூர் வழியாவே போயிடலாம் சார், ரோடு நல்லாருக்கும்" என்றேன். "தீசிஸ் எழுதறவரு, ரிஸ்க் எடுக்க மாட்டாரு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பின்னால் போனேன்.

தெரு முனையில் கயிறு கட்டி இளைஞர்கள் நின்றிருந்தார்கள். "எந்த ஊரு? எங்கேந்து வர்றீங்க?" மருத்துவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஊரைச் சொன்னார், அந்தப் பக்கத்தில் தனக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பதைச் சொன்னார். அந்தப் பெயரிலேயே மற்றது எல்லாம் இருந்தது. பிறகு எங்களைக் கையால் காட்டி, "எல்லாம் நம்ம பசங்கதான் தம்பி" என்றார். கயிறு இறங்கியது. ஒருவன் கும்பிட்டு வழிவிட்டான்.

அந்த 'நம்ம'வுக்குள் நானும் இருந்தேன். என் அப்பாவோ தாத்தாவோ போக முடியாத மாதிரியான ஒரு தெருவில், கும்பிடு வாங்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை. மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. கதவைத் திறக்க அவர் பையில் ஒரு சாவி இருந்தது, எடுத்துத் திறந்தார். அப்படி ஒரு சாவி தன் பையில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ரோட்டுக்குச் சாதி கிடையாது என்று அவர் மனமார நம்புவது அதனால்தான்.

தோழர்களே, சாலையும் வண்டியும் நமக்குப் புதிய சண்டை இல்லை. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்லுவண்டி வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு பொதுச்சாலையில் ஓட்டினார். அந்த வண்டி அவருக்குப் போக்குவரத்து அல்ல, போராட்டம். 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே வருடம் அது.

அண்ணல் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். எத்தனை வண்டிகள்! 1901இல் கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்கச் சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஓட்ட மறுக்கிறார்கள். இரண்டு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். காசு தீட்டாகவில்லை, பக்கத்தில் உட்கார்வதுதான் தீட்டு. பிறகு 1929. அவர் அப்போது பாரிஸ்டர், அரசு நியமித்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுக்கிறார்கள். தலைவரை நடத்திக் கூட்டிப்போக மனமில்லாத நம் மக்கள், ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒருவரை ஓட்டவைக்கிறார்கள். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அவருக்குக் கால் முறிகிறது. வண்டி ஓட்டுகிறவன் என்பதால் எனக்கு அந்த இடம் மறக்கவே மாட்டேன் என்கிறது. மானத்துக்காக எடுத்த ரிஸ்க் அது. ரிஸ்க் என்றால் என்ன என்று அந்த சாலிஸ்கான் மக்களுக்குத் தெரியும்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளத்தோடு சாலையும் எழுதப்பட்டிருக்கிறது. அது போதவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1) பிரிவின் கீழ் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? பொது இடத்தில் ஒரு தலித்தோ பழங்குடியோ மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது, திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். மோட்டார் சைக்கிள் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இந்தியா செவ்வாய்க் கோளுக்கு மங்கள்யானை அனுப்பிய பிறகு எழுதிய வரி இது. யாரும் தடுக்கவில்லை என்றால் நாடாளுமன்றம் எதற்காக இதை உட்கார்ந்து எழுத வேண்டும்?

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவர் வெட்டப்பட்டார். இரண்டு கைகளிலும் வெட்டு. சாதியைச் சொல்லித் திட்டி, 'நீ எப்படிப் புல்லட் ஓட்டலாம்' என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். வெட்டியது எங்கே என்று கவனியுங்கள். கிளட்சும் ஆக்சிலேட்டரும் பிடிக்கிற கையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவிலும் இந்தப் பேச்சு வந்தது. புல்லட் வைத்திருக்கும் ஒருவர், "புல்லட்டுக்காகவா வெட்டுவாங்க? வேற ஏதாவது இருக்கும்" என்றார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகக் காதால் கூலி கொடுத்தவனுக்கு அன்றைக்கு முடியவில்லை. "வேற ஏதாவது இருக்குந்தான் சார்" என்று ஆரம்பித்து, என் அப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

நான் இரண்டாவது, மூன்றாவது படித்தபோது அப்பா என்னை சைக்கிளின் முன்பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். ஊர்த்தெருவில் கோயில் வரும் முன்னால் சைக்கிளை நிறுத்துவார். "இறங்கு, மேடு" என்பார். நான் இறங்குவேன். அவர் தள்ளிக்கொண்டே வருவார். தெரு முடிந்து வேப்பமரம் வந்ததும் மறுபடி ஏறுவோம். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இறங்குவோம், அப்போதும் மேடுதான். போகும்போது மேடாக இருப்பது வரும்போது பள்ளமாகத்தானே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா சொன்னால் மேடு.

ஸ்பிளெண்டர் வாங்கிய பிறகு, ஒரு நாள் மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்ப மேடாதான் இருந்துச்சு. ரோடு போட்டப்ப சமமாக்கிட்டாங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவர் இப்போது டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறார். இறங்குவதில்லை. ஆனால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் யாரும் பேசவில்லை. பிறகு மருத்துவர், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி. நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்றார். அதுவரை 'சார்' என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் 'தம்பி' என்றார். அது நெருக்கமா இறக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. புல்லட்காரர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. காரணம் சொல்லவில்லை.

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

2024 டிசம்பர் முதல் தேதி ஞாபகம் இருக்கும். ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்து போனார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து விடியற்காலை நாலரை மணிக்கு கிரிவலப்பாதையில் வந்துகொண்டிருந்தேன். இன்னும் தூறல். முன்னால் ஒரு எக்ஸ்எல் வளைந்து வளைந்து போனது. ஒரு முறை என் பக்கம் வந்து இடிக்கப் பார்த்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று முடிவுகட்டி, "யோவ், காலங்காத்தாலயேவா?" என்று கத்தினேன். அவர் காலை ஊன்றி நின்றார். ஐம்பது வயதிருக்கும். மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார். "தம்பி, ரோடு பூரா சேறு. ஓரமா போனா வழுக்கும், பாத்து வா" என்றார். பின்னால் துடைப்பமும் வாரியும் கட்டியிருந்தன. டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். தூய்மைப் பணியாளர். அந்த ரோட்டில் எங்கே சேறு, எங்கே பள்ளம் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வருசம் பூரா இதே டைம்தான் தம்பி. பௌர்ணமின்னா ராத்திரியே வரணும்" என்றார். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் நடந்து புண்ணியம் தேடிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் தட்டும் தண்ணீர் பாட்டிலும் விடிவதற்குள் மறைந்துவிடுகின்றன. அதை மறைய வைக்கிற இவரைப் பார்த்து எனக்கு ஏன் குடிகாரர் என்று தோன்றியது? பல் மருத்துவர் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதுதான் தோன்றியிருக்கும். நான் சேரியில் பிறந்தவன், அவர் அருந்ததியர். 2022 ஜனவரியில் நம் மாவட்டத்து வீரளூரில், பிணத்தைப் பொதுச்சாலையில் எடுத்துப்போகும் உரிமையைக் கேட்டதற்காக அருந்ததியர் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளையும் வண்டிகளையும் அடித்து நொறுக்கினார்கள். அதை என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமாக எழுதிவைத்திருக்கிறேன். எழுதிய கைதான் அன்றைக்கு ஹாரனை அழுத்தியது.

அவரை எங்கள் குழுவுக்குக் கூப்பிடலாமா என்று கூட யோசித்தேன். எக்ஸ்எல்லில் வருகிறவரை ரைடர் என்பார்களா என்று யோசனை போனது. பிறகுதான் புரிந்தது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவருக்கு டூட்டி.

கடைசியாக ஒன்று. போன மாதம் குழுவில் சொன்னேன்: அடுத்த ரைடு எங்கள் ஊருக்கு. ஊர்த்தெரு வழியாகப் போய், காலனியில் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு. அம்மா மாட்டுக்கறிக் குழம்பு வைப்பார், வேண்டாதவர்களுக்கு சாம்பார். வருகிறேன் என்று ஒன்பது பேர் சொன்னார்கள். நாலு பேர் வந்தார்கள். மருத்துவர் வந்தார்.

கோயில் முன்னால் நான் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. நாற்பதில் போனேன். ஹெல்மெட்டைத் தெரு முனையிலேயே கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டேன். சட்டப்படி தப்புதான், போலீஸ் தோழர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும். ஒன்றும் நடக்கவில்லை. திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

வேப்பமரத்தடியில் இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. மருத்துவர் டீ குடிக்கலாம் என்று நிறுத்தினார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீ யாரு பையன்?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். "ஓ" என்றார். ஐந்து டீ போட்டார். ஐந்தும் பேப்பர் கப்பில். "அவர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கொடுத்தாரு?" என்று மருத்துவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன.